சிவப்புக் குச்சிகள்

குழந்தைகள் நெஞ்சுநோய் வார்டின் தலைவர் மருத்துவர் ரெஜினா. அவரிடம் பயிற்சிக்கு வந்தவர் மருத்துவர் இளம்பரிதி. கெட்டிக்காரர்தான். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பிவிடுவார், அவ்வளவுதான்.

இரண்டு வயது நிறைமதிக்கு இடப் பக்க நெஞ்சில் மட்டும் இளைப்பு. மற்றபடி ஓடியாடுகிற பிள்ளை. சளியைத் துப்பத் தெரியாமல் விழுங்கிவிடும் வயது என்பதால், வயிற்றிலிருந்து எடுத்த நீரை மைக்ராஸ்கோப்பில் பார்த்த இளம்பரிதி, டிபி என்று சொல்லி மருந்து தொடங்கினார்.

"பெரியவங்க யார்கிட்ட இருந்தோ தொத்தியிருக்கு. வீட்ல இருமறது யாரு?" என்று வார்டில் வைத்தே கேட்டார்.

எல்லாரும் தாய்மாமன் பவுன்ராசைத் திரும்பிப் பார்த்தார்கள். பஞ்சாலையில் வேலை பார்ப்பவன், இருமல் உண்டு.

அவனுக்குச் சளியிலும் எக்ஸ்ரேயிலும் டிபி இல்லை என்றே வந்தது. யார் நம்பினார்கள்? அக்கா வீட்டுப் படியேற விடவில்லை. நிறைமதிக்குக் காதுகுத்தியதுகூட வேறொருவர் மடியில். தாய்மாமன் உயிரோடு இருக்கும்போது அப்படிச் செய்தது கொடுமைதான்.

மாதங்கள் போயின. பிள்ளைக்கு இளைப்பு குறையவில்லை.

"மருந்து ஏன் மேடம் கேக்கல?" என்றார் இளம்பரிதி.

"அன்னிக்கு மைக்ராஸ்கோப்புல என்ன பாத்தீங்க?"

"டிபி கிருமி."

"பாத்தது என்ன?"

அவர் யோசித்தார். "சிவப்பா, குச்சி குச்சியா இருந்துச்சு."

"சாயம் ஏத்திப் பாத்தா அந்தக் கிருமி வம்சத்துல எல்லாமே சிவப்புக் குச்சிதான். டிபின்னு பேர் வச்சது நீங்க."

ரெஜினா பிள்ளைக்கு மயக்க மருந்து கொடுத்து, மூச்சுக்குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்த்தார். இடப் பக்கம் வழியை அடைத்துக்கொண்டு சதை வளர்ந்திருந்தது. அதில் ஒரு துணுக்கை எடுத்து, கிருமியை வளர்த்து இனம் கண்டு சொல்லும் ஆய்வகத்துக்கு அனுப்பினார். அது வளர வாரக்கணக்கில் ஆனது.

முடிவு வந்தது. டிபி இல்லை, அதன் பங்காளி.

"நல்லா இருக்கற பிள்ளைக்கு இது எப்படி மேடம்? எதிர்ப்பு சக்தியெல்லாம் சரியாத்தானே இருக்கு?"

"அபூர்வமா வரும். மண்ணுலயும் தண்ணியிலயும் கிடக்கற கிருமி. வீட்ல யாரும் குடுக்கல."

இளம்பரிதியின் முகம் சுண்டிப்போனது.

"மருந்தை இன்னிக்கே மாத்திடலாம் மேடம். பவுன்ராசுக்கும் விஷயத்தைச் சொல்லிடறேன்."

"வீட்டு ஆளுங்க எல்லாரையும் வரச் சொல்லுங்க. அவனையும்தான். இங்க, வார்டுலயே வச்சுச் சொல்லுங்க."

"போன்ல சொன்னா போதாதா மேடம்?"

"இருமறது யாருன்னு போன்லயா கேட்டீங்க?"