டக்குக்கும் டொக்குக்கும் நடுவே

"தாயி, என் கேமராவுக்கு உயிரோட இருக்கிறவங்களைக் கண்டா ஆகல," என்றான் பக்கிரிசாமி.

உப்பளத்துத் தாயி வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

"யாரைக் கண்டா ஆகுது?"

"செத்தவங்களை."

"எனக்கும் அப்பப்ப அப்படித்தான்யா இருக்கு," என்றாள் தாயி.

பக்கிரிசாமி சிரிக்கவில்லை.

தாயி பாழடைந்த உப்புக் கிடங்கில் தனியாக இருக்கிறவள். பக்கிரிசாமியைவிட வயதில் சின்னவள், தலையில் ஒரு நரை கிடையாது. எங்கிருந்து வந்தாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு ஊர் சொல்லி வைத்திருந்தாள். ஆனாலும் மனசு தாங்காதபோது எல்லோரும் அவளிடம்தான் வந்தார்கள்.

பக்கிரிசாமி சாவு வீட்டு போட்டோக்காரன். அந்தப் பக்கத்தில் ஒரு பெரிய உசுரு போய்விட்டால், குளிப்பாட்டி, புதுத்துணி உடுத்தி, நாற்காலியில் உட்காரவைத்து, பிள்ளைகுட்டிகள் சுற்றி நிற்க ஒரு படம் எடுத்த பிறகுதான் பாடை கட்டுவார்கள். தாடைக்கட்டு தளர்ந்துவிட்டால் பக்கிரிசாமியே இறுக்கிக் கட்டுவான். கட்டிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு டீ குடிப்பான்.

அப்பேர்ப்பட்ட ஆள் இன்றைக்குப் பையை மடியிலிருந்து இறக்காமல் உட்கார்ந்திருந்தான்.

"விவரமாச் சொல்லு."

"பழைய கேமரா தாயி. என் கைக்கு வரும்போதே கிழடு. உப்புக் காத்துல ஷட்டர் இறுகிப்போச்சு. அழுத்தினா டக்குனு திறக்கும். ஆனா அதுக்கா எப்பத் தோணுதோ அப்பதான் டொக்குனு மூடும். டவுன்ல கொடுத்துப் பாத்தேன். எண்ணெய் விட்டுக் கொடுத்தாங்க. கொஞ்ச நாள் ஒழுங்கா இருந்துச்சு, திரும்ப அதே கதை."

"சரி."

"திறந்திருக்கிற நேரத்துல ஆளு துளி அசைஞ்சாலும் புகையாயிடுவான். மூச்சு விட்டாலே போதும். பொணம் மூச்சு விடுமா? அது மட்டும் பளிச்சுனு விழுந்துடும்."

பையிலிருந்து ஒரு படத்தை எடுத்துக் கொடுத்தான்.

செத்துப்போன கிழவி ஒருத்தி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். புடவையின் மடிப்பு ஒவ்வொன்றும் தெரிந்தது. பிள்ளைகள் நிற்க வேண்டிய இடத்தில் ஆள் உயரத்துக்குப் புகை நின்றது. கிழவியின் தோளில் மட்டும் ஒரு கை, மோதிரத்தோடு, தெளிவாக இருந்தது. மணிக்கட்டுக்கு அப்புறம் அந்தக் கைக்கு ஆள் இல்லை.

தாயி கடலையைக் கீழே வைத்தாள்.

"இது யாரு கை?"

"மூத்த மருமக. பொணத்து மேல வச்சிருந்ததால அசையாம இருந்திருக்கு."

"ம்."

"ஒரு கல்யாணத்துல எடுத்தேன் தாயி. பொண்ணு, மாப்பிள்ளை, எல்லாரும் புகை. ஓரமா உக்காந்திருந்த மாப்பிள்ளையோட பெரியப்பா மட்டும் கண்ணுமுழி வரைக்கும் தெளிவு. நான் ஆல்பம் ஒட்டி முடிக்கல, அவரு போய்ட்டாரு. அப்புறம் என்னைக் கல்யாணத்துக்கு யாரு கூப்பிடுவா?"

வெளியே நடுப்பகல். உப்புப் பாத்திகள் வெறிச்சென்று கிடந்தன. ஒரு காக்கைகூட இல்லை.

"கல்யாணத்துக்குக் கூப்பிடலைன்னு சொல்லவா வந்தே?"

"இல்ல."

துணி சுற்றிய ஒன்றைப் பைக்குள்ளிருந்து மெதுவாக எடுத்தான். சட்டம் போட்டு, கண்ணாடி போட்ட படம். அடுப்படி வாசலில் முக்காலி போட்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் கலைந்த முடிகூட இழை இழையாகத் தெரிந்தது. பார்க்கிறவர்களை நேராகப் பார்த்தாள். துளிப் புகை இல்லை.

"யாரு?"

"தையல்நாயகி. என் சம்சாரம்."

தாயி படத்தை வாங்கிப் பார்த்தாள்.

"ஃபிலிம்ல கடைசியா ஒண்ணு மிச்சம் இருந்துச்சு. அதைத் தீர்த்தாதானே கழுவ முடியும்? கண்ணுல பட்டவளை உக்காரவச்சு அழுத்திட்டேன். கழுவிப் பாத்தா, அதே ஃபிலிம்ல அந்தக் கிழவிக்குப் பக்கத்துலயே இவளும் பளிச்சுனு... மழைக்காலத்துலேர்ந்து அவளுக்கு மூச்சு இழுப்பு தாயி. இந்தச் சனியன் பாத்துடுச்சு."

"சட்டம் எதுக்கு?"

பக்கிரிசாமி தலையைக் குனிந்துகொண்டான்.

"எத்தனை சாவு வீடு பாத்திருக்கேன். நல்ல படம் ஒண்ணு கிடைக்காம அந்த நேரத்துல அலைவாங்க. அதான், இருக்கட்டும்னு..."

"அடப்பாவி!" என்றாள் தாயி.

"அன்னையிலேர்ந்து அவ மூஞ்சியைப் பாக்க முடியல. சோறு வச்சா தட்டையே பாத்துத் தின்னுட்டு எந்திரிச்சிடறேன். படுக்கிறதும் கடையிலதான். அவ மூச்சு இழுக்கிற சத்தம் கேட்டா ஈரக்குலை நடுங்குது. இன்னும் எத்தனை நாள்னு மட்டும் சொல்லுங்க. அவ இல்லாட்டி நான் என்னத்துக்கு தாயி?"

பெரிய மனுஷன், வெட்கம் பார்க்காமல் அழுதான். தாயி அழவிட்டாள்.

பிறகு, "கேமரா கொண்டாந்திருக்கியா?" என்றாள்.

இருந்தது. ஸ்டாண்டில் மாட்டச் சொன்னாள். குனிந்து அதற்குள் பார்த்தாள்.

"நல்லாத்தானே தெரியுது. கதவு, சாக்கு, உன் அழுமூஞ்சி."

"அழுத்தினதும் இருட்டிடும் தாயி. உள்ள ஒரு கண்ணாடி இருக்கு, அது மேல ஏறிக்கும். படம் பதியிற நேரத்துல எடுக்கிறவன் கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. மூடினப்புறம்தான் திரும்ப ஆளு தெரியும்."

"அப்ப அன்னைக்குப் படம் பதியிற நேரத்துல உன் பொண்டாட்டி என்ன பண்ணிக்கிட்டிருந்தா?"

"எனக்கெப்படித் தெரியும்? இருட்டாத்தானே இருந்துச்சு."

"போய் எதிர்ல உக்காரு."

பக்கிரிசாமி பின்வாங்கினான். "வேணாம் தாயி. நானும் பளிச்சுனு விழுந்துட்டா?"

"விழுந்தா சட்டம் போட்டுக்குவோம். உக்காருய்யா."

சாக்கு மூட்டை மேல் உட்கார்ந்தான்.

டக்.

டொக் வரவில்லை.

பக்கிரிசாமி அசையவில்லை. லென்ஸுக்குள் கருப்பாக ஒரு ஓட்டை அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்த ஓட்டைக்கு முன்னால் இத்தனை நாளும் யார் யாரை உட்காரவைத்தோம் என்று ஒவ்வொரு முகமாக நினைப்பு வந்தது. கேமராவுக்குப் பின்னால் தாயி இருந்த இடம் நிழலாக இருந்தது. அங்கே யாரும் இல்லை என்று ஒரு கணம் தோன்றியது.

நெஞ்சு அடைத்தது. காது இரைந்தது. கண்ணில் நீர் முட்டியது. இன்னும் டொக் வரவில்லை. கடைசியில் தாங்க முடியாமல் வாய் திறந்து மூச்சு பீறிட்டு வந்தது.

டொக்.

"ஏன்யா மூச்சைப் புடிச்சே?" என்று நிழலிலிருந்து தாயி கேட்டாள். "அசையாதேன்னு நான் சொல்லவே இல்லையே."

பக்கிரிசாமிக்கு இன்னும் இரைத்தது. "இது லேசுல மூடாது தாயி. இத்தனை வருஷம் இதோட மாரடிச்சவனுக்குத் தெரியாதா? டொக்குனு கேக்கிறதுக்குள்ள மூச்சு விட்டா படம் வீணாப்போயிடும்."

"உன் வீட்டுல இது வேற யாருக்குத் தெரியும்?"

பக்கிரிசாமி சாக்கு மூட்டையிலிருந்து எழுந்தான்.

சட்டம் போட்ட படத்தைக் கையில் எடுத்தான். வெளிச்சத்துக்குக் கொண்டுபோனான். முடி தெளிவாக இருக்கிறது, கண் தெளிவாக இருக்கிறது என்று அதையே பார்த்து பயந்தவன், இப்போதுதான் கீழே பார்த்தான். தையல்நாயகி உதட்டை உள்ளே மடித்துக் கடித்திருந்தாள். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. மடியில் இரண்டு கையும் புடவையை இறுக்கிப் பிடித்திருந்தன.

"பேசறதுக்கே அவளுக்கு மூச்சு பத்தாது தாயி," என்றான்.

தாயி மறுபடியும் கடலை உரிக்க உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப... அவ சாகமாட்டாளா?"

"சாகாம?" என்றாள் தாயி. "இன்னைக்கா, உனக்கப்புறமா, அது எனக்கென்ன தெரியும்? நீ ஏன்யா இன்னும் இங்கயே நிக்கிற?"