செவுள் பார்த்த சாமியார்

"சாமி, நான் நரகத்துக்குப் போவேனா?"

கேட்டவள் மீன் விற்கும் இஞ்ஞாசியம்மாள். பங்குச் சாமியார் கிளீட்டஸுக்கு அவள் மகன் வயசுதான். பேச்சில் கஞ்சன்.

"என்ன செஞ்சீங்க?"

"எம் மவ ஜெசிந்தா ரத்தப் புற்றுநோயில போனால்லா? அவ பேர்ல ஒரு ஆராய்ச்சி நிலையத்துக்கு மாசாமாசம் காணிக்கை அனுப்புதேன். அங்க மனுசக் கருவ அழிச்சுத்தான் மருந்து தேடுதாவளாம். தெருக்காரவ கூடி செபிக்கிற அன்பியக் கூட்டத்துல பேசிக்கிட்டாவ. அன்னையிலேருந்து பூசையில நன்மை அப்பம் வாங்கல சாமி. கண்ண மூடுனா பிள்ளைங்க அழுற சத்தம்."

சொல்லிவிட்டு மீன் கூடையைக் காலருகே இழுத்து வைத்தாள்.

"தெரியாம செஞ்சது பாவமில்லம்மா."

"இனிமே?"

"அவங்ககிட்ட கேட்டீங்களா?"

"இல்ல."

"ஏன்?"

அவள் பேச்சை மாற்றினாள். கூடையிலிருந்து ஒரு விளமீனை எடுத்து, தட்டில் வைத்து நீட்டினாள்.

"உங்களுக்குத்தான் சாமி. இன்னைக்குக் கரைக்கு வந்தது."

சாமியார் மீனின் செவுளைத் தூக்கி உள்ளே பார்த்தார். போதாதென்று மோந்தும் பார்த்தார்.

இஞ்ஞாசியம்மாளுக்குச் சுருக்கென்றது.

"நான் குடுத்ததையா சந்தேகப்படுதீய?"

"நீங்க மீன் ஏலத்துல பாக்காமலா எடுத்தீங்க?"

"பாக்காம எடுப்பனா? திங்கிறவன் பிள்ளகுட்டிக்காரன். கெட்டத வாங்கிக் குடுத்தா அந்தப் பாவம்..."

பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

சாமியார் கையைக் கழுவிவிட்டு வந்து, தம் செல்போனை அவள் முன்னால் வைத்தார்.

"வேண்டாம் சாமி."

அவர் போனை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் நகர்த்தினார்.

"அந்த நிலையத்துல ஆமான்னு சொல்லிட்டா?"

அவளே தொடர்ந்தாள்.

"ஆமான்னா நிறுத்தணும். ரசீதுல மாசாமாசம் அவ பேரு வருது சாமி. நிறுத்திட்டா எம் மவ பேரு கல்லறையில மட்டுந்தான் இருக்கும்."

அவள் கொண்டுவந்த பயம் இதுதான். நரகமெல்லாம் இதற்குப் பிறகுதான். சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

சாமியார் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். போனை எடுத்துக்கொள்ளவில்லை.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு இடுப்பிலிருந்த சுருக்குப்பையை அவிழ்த்தாள். ரசீதை எடுத்தாள். அதிலிருந்த எண்ணை ஒவ்வொன்றாக அழுத்தினாள். விரல் வழுக்கியது. மறுபடி அழுத்தினாள்.

மணி அடித்தது. ஒரு பெண் குரல் கேட்டது.

"வணக்கம், யார் பேசுறீங்க?"

இஞ்ஞாசியம்மாள் சாமியாரைப் பார்த்தாள். அவர் கண்ணை மூடியிருந்தார்.

"ஜெசிந்தாவோட அம்மா" என்றாள். "ஒண்ணு கேக்கணும்."