ஏரியைப் பார்க்காத செயலாளர்

புதன்தோறும் கூடும் சட்டமன்றத் தெரிவுக்குழுவில் யார் எதைப் பேசினாலும் அதைச் சுருக்கெழுத்தில் பிடித்துவிடுவாள் செண்பகவல்லி. ஒருநாள் துறைச் செயலாளர் ஞானப்பிரகாசம் வந்து அவள் மேசையைத் தட்டினார்.

"போன கூட்டத்துல சாட்சி சொல்றப்ப வாய் தவறி ஒண்ணு சொல்லிட்டேன். அந்த வரி குறிப்புல இருக்கக் கூடாது. இருந்தா உன்னைத் தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்."

சாட்சி சொன்னதை அவளாக அழித்தால் வேலையே போய்விடும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. ஆனாலும் அவள் அசரவில்லை.

"தாராளமா நீக்கலாம் சார். திருத்தப் படிவம் எழுதித் தரேன். படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்க."

"படிக்க எனக்கு நேரம் ஏது?" என்று கையெழுத்தைக் கிறுக்கிவிட்டுப் போனார் செயலாளர். 'திருத்தங்கள் அடுத்த கூட்டத்தில் உரக்க வாசிக்கப்படும்' என்று அடியில் அச்சடித்திருந்ததை அவர் கவனிக்கவில்லை.

போன புதன் மூன்று உறுப்பினர்கள் உட்கார்ந்து கொட்டாவி விட்டார்கள். இந்தப் புதன் பதினைந்து பேரும் ஆஜர். செண்பகவல்லி எழுந்து கணீரென்று வாசித்தாள்:

"'மாந்தோப்பு ஏரியைத் தூர்வாரியாச்சு என்று கையெழுத்துப் போட்டேனே தவிர, அந்த ஏரியை நான் பார்த்ததே இல்லை' என்று நான் சொன்ன வரியை நீக்கக் கோருகிறேன். இப்படிக்கு, ஞானப்பிரகாசம்."

"இதையாவது படிச்சுட்டுக் கையெழுத்துப் போட்டீங்களா?" என்று கேட்டார் குழுத் தலைவர்.

குழுவே அறை அதிரச் சிரித்தது. செயலாளர் அவளைப் பார்த்து உறுமினார்: "இப்ப வாசிச்சதையும் நீக்கு!"

"அதுக்கும் படிவம் இருக்கு சார்," என்று ஒன்றை நீட்டினாள் செண்பகவல்லி. "அடுத்த புதன் வாசிச்சிடறேன்."