காட்டாமணக்குச் சிரிப்பு

"ஒரு பொய்கூட நான் எழுதல, சாமி. அப்புறம் ஏன் எனக்கு மனசு ஆறல?"

வந்த வேகத்தில் தணிகாசலம் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

அவர் ஒரு பெரிய நாளிதழின் செய்தி ஆசிரியர். கரட்டுச்சாமியின் சீடர். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஒருவருக்குத் தலை நரைத்திருந்தது, மற்றவர் சாயம் அடித்திருந்தார். வித்தியாசம் அவ்வளவுதான் என்று தணிகாசலம் நினைத்துக்கொண்டிருந்தார்.

சாமி கரட்டின் அடிவாரத்தில் ஓர் ஓட்டு வீட்டில் தனியாக இருந்தார். வேலிக் காட்டாமணக்கில் நீட்டிக்கொண்டிருந்த கிளைகளை அரிவாளால் கழித்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"பேப்பர் கொண்டாந்தியா?"

கொண்டு வந்திருந்தார். அதைக் காட்டத்தானே வந்தார்.

முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில், 'மக்காச்சோளத்தில் ஓடப்போகுது காரு' என்று போட்டிருந்தது. மாவட்டத்துக்கு எத்தனால் ஆலை வருகிறதாம். விவசாயிகள் மகிழ்ச்சியாம். மகிழ்ச்சிக்குச் சாட்சியாக ஒரு படம். தலையில் துண்டு கட்டிய விவசாயி ஒருவர், இரண்டு கையையும் சேர்த்து விதையை ஏந்திக் காட்டியபடி, பல் தெரியச் சிரிக்கிறார்.

சாமி படத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"மக்காச்சோளம் எப்ப கறுத்துச்சு?"

"அது சோளம் இல்லைங்க சாமி. காட்டாமணக்கு விதை. பழைய படம்."

"இந்த ஆளு?"

"பொங்கியண்ணன். கீழ, ரோட்டோரத்து வீடு."

சாமிக்குத் தெரியாமல் இல்லை. தணிகாசலத்தின் வாயால் வரட்டும் என்று கேட்டார்.

அந்தப் படம் எப்படி வந்தது என்பதை நானே சொல்லிவிடுகிறேன். தணிகாசலத்தைச் சொல்லவிட்டால் மழுப்பிவிடுவார்.

காட்டாமணக்கு எண்ணெயை டீசலாக்கலாம் என்று எங்கு பார்த்தாலும் பேச்சாக இருந்த காலம். தணிகாசலம் அப்போது நிருபர். ஒரு கம்பெனி நிருபர்களையெல்லாம் வேனில் ஏற்றி, பிரியாணி போட்டு, பொங்கியண்ணனின் மானாவாரி நிலத்துக்குக் கூட்டிப்போனது. அவர் நிலக்கடலையை விட்டுவிட்டுக் காட்டாமணக்கு நட்டிருந்தார்.

செடி முழங்கால் உயரம்கூட வந்திருக்கவில்லை. காய்க்காத செடியைப் படம் எடுத்து என்ன செய்வது? கம்பெனிக்காரர் தன் பையிலிருந்து விதையை எடுத்துப் பொங்கியண்ணன் கையில் கொட்டினார். சிரிங்க என்றார்கள். வீடு தேடி வந்தவர்கள் கேட்டால் யார்தான் சிரிக்க மாட்டார்கள்? மறுநாள் தலைப்பு, 'மானாவாரி நிலத்தில் டீசல் ஊறுது.'

கை அவருடையது. சிரிப்பு அவருடையது. விதையும் காட்டாமணக்கு விதைதான். பொய் ஒன்றும் இல்லை, பாருங்கள்.

படத்தைப் பார்த்துவிட்டு ஊரில் பாதிப் பேர் கடலையை விட்டார்கள். செடி நன்றாகத்தான் வளர்ந்தது. காய்க்கத்தான் இல்லை. ஏதோ காய்த்ததையும் வாங்க ஆள் இல்லை. கம்பெனி இருந்த இடத்தில் அதன் போர்டுகூட இல்லை. ஆடு மோந்து பார்க்காத செடி, மாட்டுக்கும் ஆகாது. அதைப் பிடுங்கி எறிந்து நிலத்தைச் சரிசெய்வதற்குள் ஊரே நொந்துபோனது.

"அத ஏன் எழுதல?" என்று கேட்டார் சாமி.

"எந்தத் தேதியப் போட்டு எழுதறது, சாமி? ஆலை வருதுன்னா விழா இருக்கும், மேடை இருக்கும், நாள் இருக்கும். செடி காய்க்கலைங்கறது என்னிக்கு நடந்துச்சு? அதுக்கு யாரும் எங்கள வேன்ல கூப்பிடலையே."

இதை அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே அப்படித்தான் நம்பினார். எனக்கு வயிறு எரிவது இந்த இடத்தில்தான்.

செடி போனது, கம்பெனி போனது, படம் மட்டும் போகவில்லை.

பெட்ரோல் விலை ஏறினால் அந்தப் படம். புங்க எண்ணெயில் பஸ் ஓடும் என்று ஒரு மந்திரி சொன்னால் அந்தப் படம். கரும்புச் சக்கையில் எரிபொருள், பலகாரம் சுட்ட எண்ணெயில் லாரி, எதுவானாலும் அதே கை, அதே சிரிப்பு. ஆரம்பத்தில் அடியில் 'கோப்புப் படம்' என்று பொடி எழுத்தில் போட்டார்கள். பிறகு இடம் போதவில்லை என்று அதையும் எடுத்துவிட்டார்கள்.

ஊர் ஒவ்வொரு தடவையும் அதைப் பார்த்தது. இன்னும் கம்பெனிக்காரனிடம் வாங்கித் தின்கிறான், இல்லாவிட்டால் இப்படிச் சிரிப்பானா என்று பேசியது. பொங்கியண்ணன் நிலத்தில் களை எடுக்க ஆள் வருவதில்லை. மகளுக்குப் பேசி முடித்திருந்த சம்பந்தம் முறிந்தது. மாப்பிள்ளையின் பெரியப்பாவும் அந்தப் படத்தைப் பார்த்துக் கடலையை விட்டவர்.

போன மாதம் பொங்கியண்ணன் பஸ் ஏறிப் பத்திரிகை ஆபீசுக்கே வந்துவிட்டார். மகளுக்கு வேறொரு இடம் கூடி வந்திருக்கிறது, ஆவணியில் உறுதி பண்ண வருகிறார்கள் என்றார். மறுப்புப் போடச் சொல்லவில்லை. நடந்ததை எழுதச் சொல்லவில்லை. கேட்டது ஒன்றே ஒன்று.

"அந்தப் படத்த மட்டும் இனிப் போடாதீங்க சார். புள்ளையோட வாழ்க்கைங்க."

தணிகாசலம் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தார்.

இன்றுதான் மாப்பிள்ளை வீட்டார் வரவேண்டிய நாள். இன்று காலைதான் படம் வந்தது.

"யாரும் வேணும்னு போடல சாமி," என்றார் தணிகாசலம். "பக்கம் பண்ற பையன் கம்ப்யூட்டர்ல விவசாயி, மகிழ்ச்சின்னு தேடியிருக்கான். இதான் முதல்ல வந்துச்சாம். உண்மையச் சொன்னா, இத்தன வருசத்துல இப்படிச் சிரிக்கிற விவசாயி எங்களுக்கு வேற ஒருத்தர் கிடைக்கல."

"வர்ற வழியில அவன் வீட்டப் பார்த்தியா?"

பார்த்திருந்தார். வாசல் தெளித்துப் பெரிய கோலம் போட்டிருந்தது. நாற்காலிகள் வரிசையாகக் கிடந்தன. ஒன்றிலும் ஆள் இல்லை.

"கார நிறுத்துனியா?"

"என்ன சொல்றதுன்னு தெரியல. நேரா உங்ககிட்ட வந்துட்டேன். என் மனசு ஆற ஒரு வழி சொல்லுங்க, சாமி."

சாமி அரிவாளைக் கீழே வைத்தார். வேலியில் காய்ந்து வெடித்திருந்த காய்களைப் பறித்தார்.

"கைய ஏந்து."

பிரசாதம் என்று நினைத்துத் தணிகாசலம் பயபக்தியோடு இரண்டு கையையும் ஏந்தினார். சாமி காய்களை ஒவ்வொன்றாக உடைத்து விதையைக் கொட்டினார். கறுப்பு விதைகள்.

"இன்னுங் கொஞ்சம் மேல தூக்கு. ஆங். சிரி."

"சாமி..."

"பல்லு தெரியட்டும்."

தணிகாசலம் சிரித்தார். குரு சொல்லைத் தட்ட முடியுமா? சாமி இரண்டடி பின்னால் நகர்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். திருப்தியாக இருந்தது போலும். குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போய்விட்டார்.

வெயில் ஏறியது.

விதைக்கு என்ன பெரிய கனம். ஆனாலும் கை கனத்தது. தோள் கடுத்தது. கன்னம் இரண்டும் இழுத்துக்கொண்டன. ஈ ஒன்று மூக்கில் வந்து உட்கார்ந்தது, ஓட்டக் கை இல்லை.

அங்கிருந்து பார்த்தால் பொங்கியண்ணன் வீடு தெரிந்தது. வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் வாசலுக்கும் ரோட்டுக்குமாக நடந்துகொண்டிருந்தார். ரோட்டில் ஒரு கார் வந்தது. அவர் துண்டைச் சரிசெய்துகொண்டு முன்னால் போனார். கார் நிற்காமல் போய்விட்டது.

ஆட்டுக்குத் தழை ஒடிக்கக் கரட்டுப் பக்கம் வந்த இரண்டு பெண்கள் தணிகாசலத்தைப் பார்த்ததும் நின்றார்கள். அந்தக் கையையும் அந்தச் சிரிப்பையும் எங்கே பார்த்தோம் என்று அவர்கள் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ஒருத்தி காறித் துப்பிவிட்டு நடந்தாள்.

நான் அந்த ஆள் இல்லை என்று கத்த வேண்டும் போலிருந்தது தணிகாசலத்துக்கு. சிரித்துக்கொண்டே அதைச் சொல்ல வரவில்லை.

சாமி தண்ணீர்க் குடத்தோடு திரும்பி வந்தார். தணிகாசலத்தைத் தாண்டிப் போனார்.

"சாமி, கைய எறக்கிக்கட்டுங்களா?"

சாமி நின்றார்.

"அவனும் இதத்தானே கேட்டான்?"

"ஆமாங்க சாமி."

"நீ என்ன சொன்ன?"

தணிகாசலம் கையிலிருந்த விதையைப் பார்த்தார். சிரிப்பு மட்டும் முகத்தில் அப்படியே இருந்தது.

"சொல்லி வைக்கிறேன்னு சொன்னேன்."

"சரி," என்றார் சாமி. "நானும் சொல்லி வைக்கிறேன்."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.