உடும்பு மூன்றாவது கியர் போட்ட கதை

காட்டுக்கு நடுவே ஒரு குளம் இருந்தது. கோடையில் மற்ற இடமெல்லாம் வற்றிவிடும். அந்தக் குளம் மட்டும் மிஞ்சும். கொம்பையா என்ற காட்டுப்பன்றி விடிந்ததும் அதில் இறங்குவான். பொழுது சாயும்வரை புரளுவான். தண்ணீர் கலங்கிக் குழம்பாகிவிடும். மான்கள் மூக்கைச் சுளித்துக்கொண்டு திரும்பிப் போகும். வேறு வழியில்லாமல் குடித்த முயல்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துவிடும்.

"கொஞ்சம் ஓடைப் பக்கம் போய்ப் புரளக் கூடாதா அண்ணே?" என்று யாராவது கேட்டால், கொம்பையாவிடம் ஒரே பதில்தான்.

"கார்ப் பந்தயத்துல என்னை ஜெயிச்சுட்டுப் பேசு! அப்புறம் இந்தக் குளத்துல கால் வெச்சேன்னா கேளு!"

அந்தக் காட்டில் கார்கள் இருந்தன. காட்டைச் சுற்றிப் பார்க்க வந்த மனிதர்கள் பழுதாகிவிட்டதென்று விட்டுப் போன இரண்டு பழைய கார்கள். குரங்குகள் அவற்றைப் பிரித்து, மறுபடி பூட்டி, ஓட வைத்திருந்தன. பூட்டிய பிறகு சில திருகாணிகள் மிச்சம் விழுந்தன. அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

வற்றிப்போன ஏரியின் தரைதான் பந்தயத் திடல். வளைவு கிடையாது, திருப்பம் கிடையாது, ஒரே நேர்கோடு. மயில் அகவினால் கிளம்ப வேண்டும். அந்தக் கோடியில் நிற்கும் ஆமையை முதலில் தாண்டுகிறவர் ஜெயித்தவர். ஆமை முந்தின நாளே கிளம்பி அங்கே போய்ச் சேர்ந்துவிடும்.

கொம்பையாவை யாராலும் ஜெயிக்க முடியவில்லை. நரி ஓட்டிப் பார்த்தது. கிளட்சைச் சட்டென்று விட்டதில் கார் குதித்து நின்றுவிட்டது. குரங்கு ஓட்டிப் பார்த்தது; கூட்டத்தைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டே கியரை மறந்துவிட்டது.

குளக்கரைப் புற்றில் வீராயி என்ற உடும்பு குடியிருந்தாள். புற்றுக்குள்ளே அவள் இட்ட முட்டைகள் இருந்தன. குஞ்சுகள் வெளியே வந்தால் முதலில் தேடுவது தண்ணீரைத்தானே? இந்தச் சேற்றையா குடிக்கக் கொடுப்பது? யோசித்து யோசித்து, ஒருநாள் அவள் நேரே கொம்பையாவின் முன்னால் போய் நின்றாள்.

"நான் வர்றேன் பந்தயத்துக்கு!"

"நீயா? உனக்குக் கார் எதுக்கு? பாறையில ஒட்டிக்கிட்டுக் கிட!"

"ஒட்டுறதுதான் என் பலம் அண்ணே. நான் ஒண்ணைப் பிடிச்சா விடவே மாட்டேன்!"

அது உண்மைதான். வீராயி பிடித்தால் பிடித்ததுதான். புயலில் மரமே சாய்ந்தாலும் மரத்தோடு சேர்ந்து சாய்வாளே தவிர, நகத்தைத் தளர்த்த மாட்டாள். அதில் அவளுக்கு ஏகப் பெருமை.

மயில் அகவியது. இரண்டு கார்களும் கிளம்பின. வீராயி அழகாகத்தான் கிளம்பினாள். பின்னங்கால்களில் ஒன்று கிளட்சில், ஒன்று ஆக்சிலேட்டரில். வலக்கை ஸ்டியரிங்கில். இடக்கை கியர் கம்பியை நெரித்துப் பிடித்திருந்தது. முதல் கியரிலிருந்து கம்பியைக் கீழே இழுத்தாள், இரண்டாவது விழுந்தது. கொம்பையாவை முந்திவிட்டாள்!

"அக்கா முன்னாடி! அக்கா முன்னாடி!" என்று முயல்கள் குதித்தன.

இனி மூன்றாவது. கம்பி மேலே போகும் வழியில் கொஞ்சம் நடுப்பக்கம் நகர்ந்து போக வேண்டும். வீராயியின் பிடி அதை நகர விட்டால்தானே? வந்த வழியிலேயே இறுக்கி மேலே தள்ளினாள்.

கர்ர்ர்ரக்!

மூன்றுக்குப் போக வேண்டிய கம்பி மறுபடியும் ஒன்றில் போய் விழுந்தது. இன்ஜின் அலறியது. யாரோ பின்னாலிருந்து வாலைப் பிடித்து இழுத்தது போலக் கார் திணறியது. வீராயியின் மூக்கு காரின் முன்கண்ணாடியில் போய் முட்டியது. கொம்பையா புழுதியைக் கிளப்பிக்கொண்டு அவளைத் தாண்டிப் போனான்.

"இன்னொரு தடவை வர்றியா?" என்று திரும்பி வந்து சிரித்தான். "ஆனா சும்மா வரக் கூடாது. தோத்தா புற்றைக் காலி பண்ணணும். ரொம்ப நாளா அதைக் கிளறிப் பார்க்கணும்னு எனக்கு ஆசை!"

வீராயி யோசித்தாள். புற்றைக் கிளறினால் முட்டைகள் என்ன ஆகும்? ஆனால், வராவிட்டால் மட்டும் என்ன? பிறக்கும் குஞ்சுகளுக்குச் சேறுதான்.

"வர்றேன்," என்றாள்.

மறுநாள் முதல் அவளுக்கு இன்னொரு தொல்லை வந்து சேர்ந்தது. கரிச்சான் குருவி! எந்தச் சத்தத்தைக் கேட்டாலும் அப்படியே திருப்பிச் சொல்லும் வாயாடி அது. வீராயி எங்கே போனாலும் தலைக்கு மேலே வந்து உட்கார்ந்துகொண்டு, "கர்ர்ர்ரக்!" என்றது.

"வாயை மூடுறியா?"

"நான் என்னக்கா பண்ணினேன்? நீ போட்ட கியரைத்தானே நானும் போட்டேன்!"

வீராயி எதற்கும் காது கொடுக்காமல் காருக்குள் ஏறினாள். பெட்ரோல் கொஞ்சம்தான் இருந்தது. பந்தயத்துக்கே சரியாகப் போகும். அதனால் இன்ஜினைக் கிளப்பாமல் நின்ற காரிலேயே பழகினாள். ஒன்று, இரண்டு, கர்ரக். ஒன்று, இரண்டு, கர்ரக். இன்னும் பலமாகப் பிடித்தாள். இன்னும் பலமாகத் தப்பியது.

"பிடி போதலையோ?" என்று நினைத்துக்கொண்டு இரண்டு கையாலும் பிடித்தாள். கம்பி இம்மியும் அசையவில்லை.

உச்சி வெயில் ஏறியது. கியர் கம்பியின் தலையில் இருந்த இரும்புக் குமிழ் கொதித்தது. அதைத் தொட்டதும், "ஆத்தாடி!" என்று வீராயி கையை உதறினாள். மறுபடி தொட்டாள், மறுபடி சுட்டது. பிடிக்கத்தான் முடியவில்லை, தட்டியாவது பார்ப்போம் என்று உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினாள். முதல் கியரிலிருந்து இரண்டாவது விழுந்தது. கையை எடுத்தாள். பிறகு சூட்டுக்குப் பயந்து, குமிழை மெல்ல மேலே தள்ளிவிட்டுக் கையை விலக்கினாள்.

கம்பி இரண்டிலிருந்து கழன்றது. யாரும் தொடாமலே, தானாக நடுவுக்கு வந்து நின்றது!

வீராயி வாயைப் பிளந்தாள். அதை விரல் நுனியால் ஒரு தள்ளு தள்ளினாள். க்ளுக்! மூன்றாவது கியர்.

"டேய் கரிச்சான்! பார்த்தியாடா? இதுக்கு வழி தெரியுது! நான்தான் கழுத்தைப் பிடிச்சுக்கிட்டு வழி விடாம நின்னிருக்கேன்!"

கரிச்சான் ஒரு கிளை கீழே இறங்கி வந்தது. "அப்போ இனிமே 'கர்ரக்' கிடையாதா? எனக்கு வேற என்னக்கா வேலை?"

"வேலை இருக்கு. இன்ஜின் மாதிரி கத்து. அலறுறதுக்குக் கொஞ்சம் முன்னாடி ஒரு சத்தம் வருமே, நான் அந்த இடத்துல கியரை மாத்திப் பழகணும்."

கரிச்சானுக்கு வாயெல்லாம் பல். அதாவது, பல் இருந்திருந்தால். "ம்ம்ம்ம்... ம்ஊஊஊ... ஊஊஈஈஈ!" என்று ஆரம்பித்தது. வீராயி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். சத்தம் ஏறி, கூர்மையாகத் தொடங்கும் இடத்தில் ஆக்சிலேட்டரை விட்டாள், கிளட்சை மிதித்தாள், உள்ளங்கையால் தள்ளினாள், கையை எடுத்தாள். கரிச்சானின் தொண்டை கட்டும்வரை இருவரும் பழகினார்கள்.

பந்தய நாள் வந்தது. வானம் மூடிக்கொண்டு குளுகுளுவென்று காற்று வீசியது. வீராயி உட்கார்ந்து குமிழைத் தொட்டாள். ஜில்லென்று இருந்தது. பயத்தில் அவளுடைய நகங்கள் தாமாகவே அதைச் சுற்றி வளைந்துகொண்டன. இன்று சுட்டு விரட்ட வெயில் இல்லை. விடுவதென்றால் அவளாகத்தான் விட வேண்டும்.

"புற்றைக் காலி பண்ணிட்டியா?" என்று பக்கத்துக் காரிலிருந்து கொம்பையா உறுமினான்.

மயில் அகவியது!

கொம்பையா ஆக்சிலேட்டரை அடியோடு மிதித்தான். அவன் காரின் சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழன்று புழுதியை வாரி இறைத்தன. பிறகுதான் கார் பிடித்துக்கொண்டு பாய்ந்தது. ஆனால் அவனுடையது பெரிய கார். கொஞ்ச தூரத்திலேயே வீராயியை முந்திவிட்டது.

இன்ஜின் சத்தம் ஏறியது. வீராயி இரண்டாவது போட்டாள். கொம்பையா முன்னால் போய்க்கொண்டே இருந்தான். அவளுடைய கை இன்னும் குமிழை இறுக்கிக்கொண்டுதான் இருந்தது. 'விட்டா கை நழுவிடுமோ? நழுவினா புற்று போச்சே!' என்று மனசு அடித்துக்கொண்டது. நகம் இன்னும் அழுந்தியது.

சத்தம் கூர்மையாகத் தொடங்கியது. 'முட்டை!' என்று நினைத்தாள் வீராயி. நினைத்ததும் அவள் செய்த காரியம், உடும்பு இனத்தில் அதுவரை யாரும் செய்யாதது. ஒவ்வொரு நகமாகப் பிரித்தாள். உள்ளங்கையை விரித்தாள். தள்ளினாள். விட்டாள். தள்ளினாள்.

க்ளுக்!

கார் அம்பு மாதிரி கிளம்பியது. அவள் கண் பாதையை விட்டு அகலவே இல்லை.

கொம்பையாவின் கதை வேறு. அவனுக்குக் குளம்புக்கால். அதில் கியரைப் பிடிக்க முடியாது; குனிந்து மூக்கால்தான் முட்டுவான். குனிந்தால் பாதை தெரியாது. இதுவரை பக்கத்தில் யாரும் வந்ததில்லை என்பதால், கார் கொஞ்சம் கோணிப் போனாலும் அவனுக்குக் கவலை இருந்ததில்லை. இப்போதோ இன்ஜின் அலறுவதைக் கேட்டுக் கூட்டம் கைதட்டியது. அந்தக் கைதட்டலுக்காகவே இரண்டாவது கியரில் நெடுநேரம் அலற விட்டான். அப்புறம் அவசரமாகக் குனிந்து முட்டினான். நிமிர்ந்து பார்த்தால், எதிரே ஏரிக்கரைப் புதர்! ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்பிக் கோட்டுக்கு வந்தான். அதற்குள் பக்கத்தில் ஏதோ சர்ரென்று போனது.

"எவ அவ?" என்று கத்தினான் கொம்பையா.

ஆமை கழுத்தை நீட்டியது. வீராயியின் கார் அதைத் தாண்டிய காற்றில் கழுத்தை மறுபடி உள்ளே இழுத்துக்கொண்டது. கொஞ்சம் பொறுத்து, ஓட்டுக்குள்ளிருந்தே, "உடும்பு! உடும்பு ஜெயிச்சாச்சு!" என்று அறிவித்தது.

கரிச்சான் தொண்டை கிழியக் கூவியது. முயல்கள் காரின் மேல் ஏறிக் குதித்ததில் கதவு ஒன்று கழன்று விழுந்தது.

கொம்பையா இறங்கி வந்தான். "இது செல்லாது! இன்னொரு பந்தயம் வைங்க! குளம் என்னோடது! நான் விட மாட்டேன்!"

மான், முயல், குரங்கு, நரி, மயில் எல்லாம் அவனையே பார்த்துக்கொண்டு நின்றன. கொம்பையா தரையைப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான். கடைசியில், "சரி, சரி. சொன்ன சொல்லுன்னு ஒண்ணு இருக்கில்ல," என்று முனகிக்கொண்டே ஓடைப் பக்கம் நடந்தான்.

ஓடைச் சேறு குளத்துச் சேற்றைவிட வழவழப்பாக, குளிர்ச்சியாக இருந்தது. அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

சில நாளில் குளம் அடித்தரை தெரியுமளவுக்குத் தெளிந்தது. புற்றிலிருந்து வந்த குஞ்சுகள் கரையில் வரிசையாக நின்று, முதல் முறையாகத் தண்ணீரை நக்கிப் பார்த்தன.

ஒன்றை இறுகப் பிடிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. விட வேண்டிய நேரத்தில் கையை விடத் தெரிந்தவரே அடுத்த கட்டத்துக்குப் போவார்.