காலை எடுத்தால் அணையும் ஜீப்

போடியிலிருந்து மலையேறும் சாலையில் பட்டறை வைத்திருந்த செண்பகவல்லிக்கு வயது முப்பத்தொன்று. அவளிடம் தொழில் கற்க வந்த பரமதேவனுக்கு ஐம்பத்தாறு. இருபது வருடம் ஏலத்தோட்டத்து ஜீப் ஓட்டியவர். இன்னமும் தோட்டம் கொடுத்த லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில்தான் குடியிருந்தார். இந்த வயதில் பாடமா என்று ஊர் சிரித்தது. சிரிக்கட்டும், பல் அவரவருடையது.

அன்று வந்ததும் அந்தத் தோட்டத்து ஜீப்தான். ஆக்சிலேட்டரில் கால் இருக்கும்வரை ஓடியது, எடுத்தால் அணைந்தது. பின்னால் பதினோரு தோட்டத்துப் பெண்களோடு இறக்கத்தில் இரண்டு முறை அணைந்ததாம். எஞ்சின் அணைந்தால் பிரேக் மிதி கல்லாக இறுகிவிடும், மிதித்தாலும் வண்டி எளிதில் நிற்காது.

"ஸ்க்ரூவைத் திருகி ரேஸை ஏத்தி விடுங்க. அரை மணி நேரத்துல வண்டி வேணும்" என்றார் ஜீப்பில் வந்த தோட்டத்து மேனேஜர்.

பரமதேவன் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார்.

"வைங்கண்ணே" என்றாள் செண்பகவல்லி.

"எல்லாப் பட்டறையிலயும் இதைத்தானே செய்யிறாங்க, வாத்தியாரே?"

அவள் பானெட்டைத் திறந்து, கட்டைவிரல் பருமனுள்ள ஐடில் வால்வின் மேல் அவர் கையை வைத்தாள். சாவியைத் திருப்பினாள்.

"துடிக்குதா?"

"இல்ல."

கழற்றிக் கரியைத் துடைத்து மாட்டினாள். அப்போதும் துடிக்கவில்லை. மீட்டரை வைத்தாள், அதிலும் உயிர் இல்லை.

"செத்துப்போச்சு. கால் எடுத்த பிறகு எஞ்சினுக்கு மூச்சு குடுக்கிறது இதுதான். புதுசு தேனியில இருந்து பஸ்ல வரணும். மூணு மணி நேரம்."

"அதெல்லாம் முடியாது" என்றார் மேனேஜர். "திருகும்மா."

அவள் திருகி, வண்டியைக் கிளப்பினாள். யாரும் மிதிக்காமலே எஞ்சின் உறுமியது. மேனேஜர் முகம் மலர்ந்தது. அவள் ஜீப்பின் பின்கதவைத் திறந்து பிடித்தாள்.

"ஏறுங்க சார், பொம்பளைங்க உக்கார்ற இடத்துல. கொண்டை ஊசி வளைவு வரைக்கும் அண்ணன் இறக்குவாரு. கால் எடுத்தாலும் வண்டி தள்ளிக்கிட்டே போகும். கெட்டியாப் பிடிச்சுக்குங்க."

மேனேஜர் சரிவைப் பார்த்தார். ஏறவில்லை.

அவள் ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்கே திருப்பினாள். எஞ்சின் இருமி அணைந்தது. ஸ்க்ரூ டிரைவரைப் பரமதேவன் கையில் கொடுத்துவிட்டு விலகி நின்றாள்.

"யோவ் பரமா, நீ திருகுய்யா" என்றார் மேனேஜர். "லயத்துல வீடு வேணுமா, வேணாமா?"

பரமதேவன், இருபது வருடத்தில் தானே எத்தனை முறை இப்படித் திருகி, எத்தனை பேரை ஏற்றி இறக்கியிருப்போம் என்று நினைத்தார். பயம் போய்க் கோபம் வந்தது.

"மாட்டேன் சார்."

"திருகுன்னா திருகு!"

அவர் அசையவில்லை.

"நாளைக்கே வீட்டைக் காலி பண்ணு" என்று சொல்லிவிட்டு மேனேஜர் வேகமாக நடந்து போனார்.

பரமதேவன் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

"நான் ஒண்ணுமே செய்யலையே வாத்தியாரே. சும்மாதானே நின்னேன். அதுக்கா இந்தத் தண்டனை?"

செண்பகவல்லி செத்த வால்வைக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"சும்மா நிக்கிறது லேசுன்னு யாருண்ணே சொன்னது?"