கெளிற்று முள்ளும் கடுகளவு காயமும்

முன்னொரு நாள், கடற்கரை ஊர் ஒன்றில், ஒரு பெண்ணின் விரலில் காயமும் வலியும் ஒன்றாகப் பிறந்தன. காயம் கடுகளவுதான். வலியோ பிறந்த வேகத்தில் தோள் வரை வளர்ந்துவிட்டது.

அந்தப் பெண் சகாயராணி. மீன் ஏலக்கூடத்தில் தரம் பிரிப்பவள். கூடைக்குள் கையை விட்டபோது கெளிற்று மீனின் விஷ முள் ஏறிவிட்டது. கையைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

கம்பவுண்டர் விரலைத் திருப்பிப் பார்த்தார். "இவ்வளவுதானா? பிளாஸ்திரி ஒட்டிவிடுறேன். போய் உட்காரு."

"அண்ணே, உயிர் போகுது."

"முள்ளு குத்தாத மீன்காரி எங்க இருக்கா? பொம்பளைங்களுக்கு எதுக்கெடுத்தாலும் அழுகை."

அப்போது ஒரு படகு முதலாளி வந்தார். கயிறு உராய்ந்து முழங்கையில் நீளமான சிராய்ப்பு, சட்டையெல்லாம் ரத்தம். "வலியே இல்லப்பா," என்று அவரே சொன்னார். கம்பவுண்டர் பதறிப்போய் அவரை நேரே டாக்டரிடம் அழைத்துப்போனார்.

பெஞ்சில் காத்திருந்த சகாயராணியின் கையில் வலிக்குப் பொறுக்கவில்லை. காயத்தின் மேல் பாய்ந்தது. "இந்தக் கையை எரிக்கிறது நான். பிளாஸ்திரி மட்டும் உனக்கா?"

"நான் என்ன செய்ய?" என்று முனகியது காயம். "அவங்க கண்ணுக்கு நான்தானே தெரியுறேன். அதுவும் இத்துணூண்டு."

"நான் இருக்கிறதை யார்தான் சொல்றது?"

"இவள்தான் சொல்லணும். சொன்னாளே, யார் கேட்டா?"

"இன்னொரு தடவை சொல்லட்டும்," என்றது வலி. "நான் கூட நிக்கிறேன்."

சகாயராணி எழுந்தாள். டாக்டரின் அறைக்கதவைத் தானே தள்ளித் திறந்தாள்.

"டாக்டரம்மா, காயத்தைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க. என்னைக் கேளுங்க. குத்தினது கெளிறு. தோள் வரை எரியுது."

டாக்டர் நிமிர்ந்தார். "மூச்சு விடச் சிரமமா இருக்கா? தலை சுத்துதா? எவ்வளவு வலிக்குது, சொல்லும்மா."

அவள் சொன்னாள். முள்துண்டு உள்ளே தங்கியிருக்கிறதா என்று டாக்டர் பார்த்தார். வெந்நீர் வரவழைத்து, பொறுக்கக்கூடிய சூடுதானா என்று தன் கையை விட்டுப் பார்த்த பிறகே அவள் கையை அதில் வைத்தார்.

"ஏன் இத்தனை கோபம்?" என்று வெந்நீர் வலியைக் கேட்டது.

வலி எல்லாவற்றையும் கொட்டியது. வெந்நீர் குறுக்கே பேசவில்லை. வலி சொல்லச் சொல்லத் தோளைவிட்டு இறங்கியது. முழங்கையைத் தாண்டி விரல் நுனிக்கு வந்துவிட்டது.

டாக்டர் ஊசி போட்டு அனுப்பினார். வாசலில் கம்பவுண்டர் சிரித்தார். "பார்த்தியா? சின்னக் காயம்தான்னு நான் அப்பவே சொன்னேன். இதுக்குப்போய் இவ்வளவு ஆர்ப்பாட்டம்."

விரல் நுனியிலிருந்து கிளம்பவிருந்த மிச்ச வலி போகாமல் நின்றது. "அக்கா, போறதுக்கு முன்னாடி இவர் கையில ஒரு நாள் இருந்துட்டுப் போகட்டுமா? அப்பவாவது இவருக்குப் புரியும்."

சகாயராணி அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"வேண்டாம். அவர் வலிக்குதுன்னு சொன்னா உடனே நம்பிடுவாங்க. அப்புறம் அவருக்கு என்ன புரியப்போகுது?"